சிவப்பு மூடிப் போத்தல்கள்

வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். சந்தையில் விலை பேசவும் அயலில் சண்டை விலக்கவும் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு தடவை, சொல்லவேண்டிய ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டேன். அதனால் இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் செத்துப் பிழைத்தார். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா வீதியில், ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அந்த வியாழன் பின்னேரங்களில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் பக்க அறையில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாத வெளிநாட்டுச் சனத்துக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார்கள். பார்த்தது ஒரு பெண் மருத்துவர். தொத்தோரெஸ்ஸா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆபிரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். வெக்கை நாட்டு நோய்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்ச் சனம் வந்தால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார்; நான் போனேன்.

என்னுடைய இத்தாலியன் சிஞ்ஞோராவின் வாயிலிருந்து கற்றது. ஆகவே கொஞ்சம் அதிகாரமாகத்தான் இருக்கும். தொத்தோரெஸ்ஸாவின் மேசைக்குப் பின்னால், அவருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். எதிரே சுவரோரமாக நீளமான மரவாங்கு. நோயாளிகள் அதில் இருப்பார்கள். எனக்கு அந்தக் கதிரையில் இருப்பது மிகவும் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன பயன், வாங்கில் இருப்பவர்களைப் பார்க்கும்போது நானும் அரை டொக்டர் என்ற நினைப்பு வந்துவிடும்.

ஒரு வியாழன், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பக்கேரியாவுக்கு அப்பால் எலுமிச்சைத் தோட்டம் ஒன்றில் வேலை. எங்கள் சனத்தில் பலர் நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். பத்திரம் சரிவராதவர்கள் முதலில் தோட்டத்தில்தான் நிற்பார்கள். அந்தத் தோட்டத்துப் பழைய களஞ்சிய வீட்டில் எட்டு ஆண்கள் இருந்தார்கள். இவர் ஊரில் வெங்காயம் செய்தவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில், இவருக்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்கும் நாளைப் பார்த்துக் காத்திருந்தார்கள். இவருக்குத் தொய்வு. மூச்செடுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் அடிப்பது எனக்கே கேட்டது.

"தொய்வு பரவாயில்லை அக்கா. உது சின்ன வயசிலை இருந்து இருக்கு. இது வேறை" என்று இடுப்பைச் சொறிந்தார். "இஞ்சை பாருங்கோ, ஒரு சிவப்புக் கோடு. காலமை இஞ்சை நிண்டது, இப்ப அங்கை நிக்குது. ஓடித் திரியுது."

நான் சிரித்துக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன். தொத்தோரெஸ்ஸா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, குனிந்து, அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஊரில் வெறுங்காலோடு தோட்டத்தில் நின்றாரா என்று கேட்கச் சொன்னார்.

"தோட்டத்துக்கை ஆர் செருப்போடை நிக்கிறது?" என்றார் அவர்.

அப்போதுதான் அந்தப் புழுவைப் பற்றி முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். நூலிலும் மெல்லிசாம். ஈரமண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறுமாம். குடலில் போய்க் குடியிருந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே பெருகுமாம். ஆளுக்கு ஒரு நோயும் தெரியாமல் இருபது முப்பது வருடம்கூட இருக்குமாம். எங்கள் சனம் ஏஜென்சிக்காரரின் காலில் விழுந்து, மூன்று நாடு ஒளித்துத் திரிந்து வந்து சேர்ந்த ஊருக்கு, இது பாஸ்போர்ட்டும் இல்லாமல் சொகுசாக வந்து இறங்கியிருக்கிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு தொத்தோரெஸ்ஸா அவர் பாவிக்கும் மருந்துகளைக் கேட்டார். அவர் காற்சட்டைப் பையிலிருந்து தொய்வுக் குளிசைப் பெட்டியை எடுத்தார். எங்கோ ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்த கோர்ட்டிசோன். அதைக் கண்டதும் தொத்தோரெஸ்ஸாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உடம்பு அந்தப் புழுவை இவ்வளவு காலமும் ஒரு மூலையில் அடக்கி வைத்திருக்கிறது. இந்தக் குளிசை உடம்பின் காவலைக் குறைத்துவிடும். காவல் குறைந்தால் புழு குடலை விட்டு நுரையீரல், மூளை என்று எல்லா இடமும் போகும். ஆள் செத்துப்போகலாம். ஆகவே புழு இருக்கிறதா என்று உடனே பார்க்கவேண்டும். அதுவரை தொய்வுக்கு இழுக்கிற மருந்து தருகிறேன். அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களும் தோட்டக்காரர் என்றால் அவர்களையும் சோதிப்போம்.

இதைச் சொல்லிவிட்டு அவருடைய கையில் இரத்தம் எடுத்தார். பிறகு எட்டுச் சின்னப் பிளாஸ்டிக் போத்தல்களை மேசையில் வைத்தார். எல்லாவற்றுக்கும் சிவப்பு மூடி. மூடியோடு சேர்ந்து ஒரு குட்டிக் கரண்டி.

அந்தக் கரண்டியைக் கண்டதும் என் வாய் அடைத்துவிட்டது. மலம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் சொல். மற்றச் சொல்லை ஒரு அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? அவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போத்தல்களை ஒரு பையில் போட்டு நீட்டினேன்.

"காலமையிலை... இதுக்குள்ளை கொஞ்சம்... உங்களுக்கு விளங்கும்தானே. எட்டுப் பேருக்கும் எட்டு. பேரை எழுதி அடுத்த வியாழன் தந்துவிடுங்கோ."

"ஓம் ஓம், விளங்குது" என்று அவர் பறித்துக்கொண்டு போகாத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

தொத்தோரெஸ்ஸா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அந்த எட்டுப் பேரின் வீட்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஏழு பேர் விடிய முதல் தோட்டத்துக்கு இறங்கிவிடுவார்கள். எட்டாவது ஆள் சமையல். ஊரில் பட்டணத்துக்குள் துணிக்கடை வைத்திருந்தவர். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஆகவே வீட்டோடு நின்று சமைப்பார். சமையல் மட்டுமில்லை, அந்த வீட்டில் வெளிவேலை எல்லாம் அவர்தான். சந்தைக்குப் போவது அவர். எட்டுப் பேரின் கடிதத்தையும் தபாலில் போடுவது அவர். பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் விடியற்காலையில் போய் எட்டுப் பேரின் பெயரையும் வரிசைப் பட்டியலில் எழுதிவிட்டு நிற்பதும் அவர். நாங்கள் அந்த ஊரில் அப்படித்தான் வாழ்ந்தோம். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் போக ஏலாது. ஒருவர் போனால் எல்லோரும் போன மாதிரி.

அடுத்த வியாழன் போத்தல்களைக் கொண்டுவந்ததும் அவர்தான். பேப்பரில் சுற்றி, கடைப் பையில் கட்டி, தலை வாரி, சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருபவர் போல வந்தார்.

"எல்லாம் சரி அக்கா. எட்டும் இருக்கு. ஒருத்தரையும் விடேல்லை."

மூக்கைச் சுளித்துக்கொண்டு கையை எட்ட நீட்டிப் பையை வாங்கினேன். எட்டுப் போத்தலிலும் ஒரே கையெழுத்து. அழகான, கடைக்காரக் கையெழுத்து. அது மட்டுமில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன்: எட்டும் ஒரே நிறம், ஒரே மாதிரி. மனதுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. கேட்டால் அதைப் பற்றிக் கதைக்கவேண்டி வரும். சீச்சீ, எனக்கேன் உந்த ஆராய்ச்சி என்று பையைத் தொத்தோரெஸ்ஸாவிடம் கொடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த வியாழன் பரிசோதனை முடிவு வந்தது. எட்டுப் பேருக்கும் புழு இல்லை.

தொத்தோரெஸ்ஸா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தொய்வுக்காரரின் இரத்தத்தைப் பார்த்தால் புழு இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது, இதில் இல்லை என்கிறதே, இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றார். வாங்கில் இருந்த தொய்வுக்கார அண்ணைக்கு "இல்லை" என்ற சொல் மட்டும்தான் கேட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பழைய குளிசையைப் போடலாமோ, கேளுங்கோ அக்கா. உந்த இழுக்கிற மருந்து காணாது. ஏணியிலை நாலு படி ஏற மூச்சு நிக்குது. எலுமிச்சங்காய் புடுங்கிற நேரம் படுத்தனெண்டால் வேறை ஆளைப் பிடிச்சிடுவாங்கள்."

கேட்டேன். மிகத் தேவையென்றால் மட்டும், மிகக் குறைவாக, அடுத்த வியாழன் கட்டாயம் இன்னொரு போத்தலோடு வரவேண்டும் என்றார் தொத்தோரெஸ்ஸா. அண்ணையின் மனம் குளிரட்டும் என்று நான் "போடலாமாம்" என்பதை முதலில் சொன்னேன். மிச்சத்தைச் சொன்னபோது அவர் கதவடியில் நின்றார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வேலை கூடவாக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெரிதாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு நான் பெல்லெகிரீனோ மலைக்குப் போனேன். மலைக்குகைக் கோயிலில் இருக்கும் புனிதையை அந்த ஊரார் எவ்வளவு கும்பிடுகிறார்களோ அவ்வளவு எங்கள் சைவச் சனமும் கும்பிடும். நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுபவர்களும் உண்டு. கல் பாவிய பாதையில் பாதி தூரத்தில், ஓரத்துச் சுவரில் இருந்து பாதத்தை ஊதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தால் நம்முடைய சமையல்காரர். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துச் சிவந்து கிடந்தன.

"என்ன அண்ணை, உங்களுக்கும் நேர்த்தியோ?"

"எனக்கில்லை அக்கா. தொய்வுக்காரனுக்கு. மனிசி பிள்ளையள் வந்து சேரவேணுமெண்டு வைச்ச நேர்த்தி. அவனாலை ஏலாது. பத்து நாளாய்ப் படுக்கை. சாப்பிட்டது தங்குதில்லை, வயிறு ஊதிக் கிடக்கு, இருமல் வேறை. அதுதான் அவனுக்காண்டி நான் ஏறுறன்." பாதத்தைத் தடவிக்கொண்டார். "கடைக்குள்ளை நிண்ட கால் எனக்கு. பிறந்ததுக்கு இண்டைக்குத்தான் வெறுங்காலோடை நடக்கிறன்."

"நேர்த்தியையும் நீங்களே செய்யிறியளோ?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"வேறை ஆர் இருக்கினம்? எல்லாருக்கும் எல்லாத்துக்கும் நான்தானே." அவர் பெருமையாகச் சிரித்தார். "உங்கடை போத்தலும் எட்டும் நான்தானே குடுத்தனான். அவங்கள் விடிய முதல் போயிடுவாங்கள், வெக்கப்படுறாங்கள் வேறை. எனக்கு எண்டால் காலமையிலை நேரம் தவறாது."

 எட்டுப் போத்தலும் ஒரே நிறமாக இருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். விசரோ உங்களுக்கு, ஆளைக் கொல்லப் பார்த்தியளே என்று கோயிலுக்குப் போகும் சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அவரவர் தன்ரை தன்ரையைத்தான் குடுக்கவேணுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே, அக்கா?"

சொல்லவில்லை. எதைக் கொடுக்கவேண்டும் என்பதையே நான் சொல்லவில்லை. ஏன் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் தொய்வுக் குளிசை என்ன செய்யும் என்பதை அந்த மனிதர் எழும்புகிற அவசரத்தில் பாதியாகச் சொன்னேனோ, அதுவும் இல்லையோ. தோட்டத்து மண்ணை மிதித்தறியாத ஒரு துணிக்கடைக்காரரின் சுத்தமான வயிற்றை எட்டுப் பேரின் பெயரில் சோதித்துவிட்டு, நோய் இல்லை என்று அறிவித்திருக்கிறோம். அதை நம்பி ஒருவர் நாளும் பொழுதும் அந்தக் குளிசையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

மலையடிவாரத்துத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினோம். நொண்டி நொண்டி அவரும் ஓடிவந்தார். தொத்தோரெஸ்ஸா வீட்டில்தான் இருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.  "அன்றைக்கு அவருக்கு எல்லாம் விளக்கினாய்தானே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை என்றேன். நான் வருகிறேன், அங்கேயே நில் என்று தொலைபேசியை வைத்தார்.

அவருடைய சின்னக் காரில் தோட்டத்துக்குப் போனோம். அண்ணையை அடையாளம் காண முடியவில்லை. கண் உள்ளே போயிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"வராமல் விட்டதுக்குக் குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றார்.

அந்த ஒரு வசனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது அவருடைய சளியிலேயே புழு இருந்தது. மூன்று கிழமை அங்கேயே கிடந்தார். முதல் கிழமை தொத்தோரெஸ்ஸா எனக்கு ஒரு வாக்கும் தரவில்லை. அண்ணையின் மனைவி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, காய்ச்சல், மருந்து குடுத்திருக்கினம் என்று நானே கதைத்தேன். அந்தப் பெண் என்னை அவ்வளவு நம்பி, "நீங்கள் பக்கத்திலை நிக்கிறது பெரிய ஆறுதல் அக்கா" என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. இரண்டாம் கிழமை அண்ணை கஞ்சி கேட்டார். சமையல்காரர் பேணியில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மற்ற ஏழு பேரையும் ஒழுங்காகச் சோதிக்கவேண்டும், இந்தத் தடவை நீ போய்ச் சொல்லவேண்டிய மாதிரிச் சொல் என்றார் தொத்தோரெஸ்ஸா. ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். ஏழு ஆண்களும் எலுமிச்சங்காய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இருந்தார்கள். நான் ஒரு போத்தலின் சிவப்பு மூடியைத் திறந்து, கரண்டியைத் தூக்கிப் பிடித்தேன்.

"இதுக்குள்ளை போடவேண்டியது பீ" என்றேன். "அவரவர் தன்ரை பீ. அண்ணன்ரை தம்பிக்குச் சரிவராது, தம்பியின்ரை அண்ணனுக்குச் சரிவராது. பிந்தி வேலைக்குப் போனாலும் பரவாயில்லை."

 முதலில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகு கேள்விகள் வந்தன. உள்ளங்காலால் எப்படி ஏறும், நாலைந்து வருடம் முன்னம் விட்ட மண் இப்போது எப்படி, மனிசிக்கும் பிள்ளைக்கும் இருக்குமோ. ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

கடைசியில் சமையல்காரர் கேட்டார். மலையில் நான் ஏசியதை அவர் மறந்திருக்கவில்லை.

"அக்கா, உங்கடை போத்தலை ஆர் குடுத்தது?"

"எனக்கேன்? நான் எட்டு வருசமாய் லிபெர்த்தாவிலை இருக்கிறன்."

"லிபெர்த்தாவிலையே பிறந்தனீங்கள்?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்தது செம்மண் ஊரில். பள்ளிக்கூடம் விட்டு வந்து மிளகாய்க் கன்றுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறியவள். சேற்றுக்குள் கணுக்கால் வரை புதைய நிற்பது அப்போது எனக்கு விளையாட்டு. இடுப்பில் வருடாவருடம் ஒரு கடி, சொறிச்சல், வரும். சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சிஞ்ஞோரா சொல்வார், நானும் சவர்க்காரத்தை மாற்றுவேன். அந்தச் சிவப்புக் கோட்டை அண்ணையின் உடம்பில் கண்ட நாளிலும் என் இடுப்பை நான் நினைக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு எப்படி நினைப்பு வரும்?

பையில் கடைசியாக இருந்த போத்தலை எடுத்து, எல்லோரும் பார்க்க என் பெயரை எழுதினேன்.

முடிவு வந்த வியாழன், அந்த வீட்டார் எட்டுப் பேரும் வந்தார்கள். அண்ணையும் வந்திருந்தார், சேர்ட் தோளில் தொங்கியது, ஆனால் நெஞ்சில் விசில் இல்லை. தொத்தோரெஸ்ஸா தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார், நான் மொழிபெயர்த்தேன். சமையல்காரருக்கு வழமைபோல் ஒன்றுமில்லை. ஏழு தோட்டக்காரரில் நாலு பேருக்குப் புழு. கடைசித் தாளை எடுத்ததும் தொத்தோரெஸ்ஸா நிறுத்தினார். இதை உனக்குப் பிறகு தனியாகச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். தாளை வாங்கிப் பார்த்தேன். பிறகு வாங்கைப் பார்த்துத் தமிழில் சத்தமாகச் சொன்னேன்: "எனக்கும் இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை, பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் நெருக்கித் தானும் தள்ளி இருந்தார். வாங்கில் ஒரு ஆளுக்கு இடம் வந்தது.

"இஞ்சாலை வாங்கோ அக்கா" என்றார்.

நான் கதிரையை விட்டு எழும்பி, மேசையைச் சுற்றி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தொத்தோரெஸ்ஸா புழு உள்ள ஒவ்வொருவர் கையிலும் அதற்கான குளிசையை வைத்துக்கொண்டு வந்தார். சமையல்காரர் வழக்கம்போல் எழும்பிப் போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

"தண்ணி மட்டும் காணும் அண்ணை" என்றார் தொய்வுக்கார அண்ணை. "குளிசையை நாங்களே விழுங்குறம்."